சென்னை சேஃபா? பிள்ளைய அனுப்புறதுக்கு முன்னாடி கணக்கையும் பயத்தையும் எப்படிப் பாக்கணும்

வருஷா வருஷம் ஜூன் ஜூலை வந்துட்டா எங்க வீட்டுத் திண்ணைல இந்தக் கேள்வி வந்து உக்காந்துரும். "டீச்சர், பிள்ளைக்கு சென்னைல வேலை கெடச்சுருக்கு, அனுப்பலாமா, அங்க பயமில்லாம இருக்கலாமா?" நான் காரைக்குடில ஒரு காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்குறேன், பத்தொன்பது வருஷமாச்சு, அதனால என்கிட்ட ஏதோ ஒரு நம்பர் இருக்கும், அதச் சொல்லிட்டா மனசு ஆறும்னு நெனச்சு வர்றாக. நம்பர் இருக்கு, ஆனா அத அப்படியே கையில குடுத்தா பயம் கூடும், இல்ல பொய்யா ஒரு தைரியம் வந்துரும், ரெண்டுமே பிள்ளைக்கு ஆகாது. அதனால அவுகளோட உக்காந்து நான் என்ன செய்வேனோ அத அப்படியே இங்க எழுதுறேன்.

இந்த வருஷம் வந்தது பக்கத்து வீட்டு ஆச்சி. மக வயித்துப் பேத்திக்கு சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. ஆச்சி போன நீட்டி, "பாருத்தா, பட்டப்பகல்ல ரோட்டுல வெட்டுறாய்ங்க, இந்த ஊருக்கா பிள்ளைய அனுப்புறது"ன்னு வாட்ஸ்அப்ல வந்த வீடியோவக் காட்டுனாக. பாத்தா அது சென்னையே இல்ல, கடை போர்டெல்லாம் வேற பாஷைல இருக்கு, எந்த வருஷம்னும் தெரியல. இதுல இன்னொன்னு, அதே ஆச்சிக்கு கோயம்புத்தூர்ல இருக்குற மகன் ராத்திரி ராத்திரி போன் பண்ணி "ஆத்தா, அவ்வளவு பெரிய வீட்டுல தனியா இருக்காதீக, நெனச்சாலே தூக்கம் வரமாட்டேங்குது"ங்குறாரு. ஆச்சிக்கு அந்த வீட்டுல பயமே கிடையாது. பொழுது சாஞ்சதும் கொத்துச் சாவிய எடுத்துக்கிட்டு பின்கட்டுல ஆரம்பிச்சு, மூணாங்கட்டு, இரண்டாங்கட்டு, வளவுன்னு ஒவ்வொரு கதவா தாப்பாள் போட்டு, இழுத்துப் பாத்து, முகப்புக்கு வந்து நிப்பாக. பதினோரு கதவு, நான் எண்ணிருக்கேன். ஆச்சி பாக்காத ஊருக்குப் பயப்படுறாக, மகன் தான் பக்கத்துல இல்லாத வீட்டுக்குப் பயப்படுறாரு. ரெண்டு பேர் பயமும் நிஜம், ரெண்டு பேரும் கணக்குப் பாக்கல.

கேள்விய சின்னதாக்குங்க

"சென்னை சேஃபா"ங்குற கேள்விக்குப் பதிலே கிடையாது, எம்புட்டுப் படிச்சவங்களாலயும் சொல்ல முடியாது. 2011 சென்சஸ்லயே சென்னையும் அத ஒட்டுன நகரப் பகுதியும் சேத்து எண்பத்தாறு லட்சத்துக்கு மேல. ஒரு தாள எடுத்து எழுதுங்க, யாரு, எங்க இருந்து எங்க, எத்தன மணிக்கு, எதுல போகுது, என்ன நடந்துரும்னு பயம். ஆச்சி பேத்திக்கு நாங்க எழுதுனது இது: 22 வயசுப் பொண்ணு, ஆபீஸ்ல இருந்து ஹாஸ்டலுக்கு, ராத்திரி எட்டரை மணிக்கு மேல, பஸ் இறங்கி நடந்து. பயம் என்னென்னன்னா பின்னாடியே எவனாவது வர்றது, செயின அறுத்துட்டுப் போறது, ரோடு கடக்கறப்ப வண்டில அடிபடுறது, ஹாஸ்டல்லயே ஏதாவது தொந்தரவு, போன்ல ஏமாத்திக் காசப் பிடுங்குறது. அஞ்சும் அஞ்சு வேற விஷயம், ஒவ்வொன்னுக்கும் கணக்கு வேற எடத்துல இருக்கு, பரிகாரமும் வேற. கொலை வீடியோவப் பாத்து பயந்தோமே, அது இந்த லிஸ்ட்ல வரவே இல்ல, எழுத உக்காந்தப்பதான் ஆச்சியே அதக் கவனிச்சாக.

அறிக்கைய எடுத்துப் படிக்கிறது

நம்ம நாட்டுல குற்றக் கணக்கத் தொகுக்குறது என்.சி.ஆர்.பி, அதாவது தேசிய குற்ற ஆவணக் காப்பகம், 1986ல ஆரம்பிச்சது, உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ வருது. வருஷத்துக்கு ஒரு பெரிய அறிக்கை போடுவாங்க, அவங்க வெப்சைட்லயே பி.டி.எஃப்பா சும்மா கெடைக்கும், காசு கிடையாது. நியூஸ்ல வர்ற தலைப்ப நம்பாம நேரா டேபிளப் பாருங்க. தேதியையும் பாருங்க, 2023க்கான அறிக்கை 2025 செப்டம்பர் கடைசிலதான் வெளிய வந்துச்சு, அப்ப நீங்க "இப்போ" எப்படின்னு பாக்கல, ரெண்டு வருஷத்துக்கு முந்தி எப்படி இருந்துச்சுன்னு பாக்குறீங்க.

இதுல பெருநகரம்னு தனியா 19 ஊரப் போட்டுருப்பாங்க, இருபது லட்சத்துக்கு மேல ஜனத்தொகை உள்ளது. தமிழ்நாட்டுல இருந்து சென்னையும் கோயம்புத்தூரும் மட்டும்தான். மதுரை, திருச்சி கிடையாது, காரைக்குடியக் கேக்கவே வேண்டாம். அதனால "எங்க ஊரு லிஸ்ட்லயே இல்ல, அப்ப எங்க ஊருல குற்றமே இல்ல"ன்னு யாராச்சும் சொன்னா அது தப்பு, சின்ன ஊர அங்க தனியாப் போடல, அவ்வளவுதான்.

மொத்த எண்ணிக்கைய விட்டுட்டு ரேட்டப் பாருங்க. ஒரு லட்சம் பேருக்கு எத்தன கேஸ்ங்குறதுதான் ரேட். ஆனா அந்த ரேட்டையும் உடனே நம்பிறக்கூடாது. 2023 அறிக்கைல அந்த 19 ஊருல கொச்சிதான் முதல், லட்சம் பேருக்கு 3,000 கேஸுக்கு மேல. கடைசில கொல்கத்தா, 100க்கும் கீழ. அப்ப கொச்சி கொல்கத்தாவ விட முப்பது மடங்கு ஆபத்தான ஊரா? ரெண்டு ஊரையும் பாத்த யாரும் அப்படிச் சொல்லமாட்டாங்க. கேரளாவுல சின்ன விஷயத்துக்கும், வண்டிய தாறுமாறா ஓட்டுனதுக்குக்கூட, ஸ்டேஷன்ல கேஸ் பதிவாகுது, கேஸப் பதியற பழக்கம் அங்க அதிகம். என்.சி.ஆர்.பி.யே தன்னோட அறிக்கைல எச்சரிக்கிறாங்க, குற்றம் கூடுறது வேற, போலீஸ் பதிவு பண்றது கூடுறது வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்கன்னு. அந்தப் பக்கத்த யாரும் படிக்கிறதில்ல, நீங்க முதல்ல அதப் படிங்க.

இதுக்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 2020ல தமிழ்நாட்டோட கேஸ் எண்ணிக்கை முந்தின வருஷத்தவிட ரெண்டு மடங்குக்கு மேல எகிறிருச்சு. அந்த வருஷம் நாம எல்லாரும் வீட்டுக்குள்ளதான் கெடந்தோம், தெருவுல காக்கா குருவி இல்ல. ஊரடங்க மீறி வெளிய வந்தவங்க மேல 188வது பிரிவுல போட்ட கேஸெல்லாம் அந்தக் கணக்குல ஏறுனதுதான் காரணம். காய் வாங்கப் போனவரும் அந்த எண்ணுல இருக்காரு.

இன்னொரு சங்கதி, ஒரே எஃப்.ஐ.ஆர்ல நாலு குற்றம் இருந்தா அதுல எது பெருசோ அது மட்டும்தான் கணக்குல ஏறும். கொள்ளையடிக்கப் போய் கொலை பண்ணா அது கொலை, கொள்ளைல வராது. இதையும் மனசுல வச்சுக்கோங்க.

அப்புறம் வகுக்குற எண். இத நான் கிளாஸ்ல ஒரு மணி நேரம் நடத்துவேன், இங்க சுருக்கமாச் சொல்றேன். 2021ல எடுக்க வேண்டிய சென்சஸ் கொரோனால தள்ளிப்போச்சு, அதனால பெருநகர ரேட்டுக்கு இன்னமும் 2011 ஜனத்தொகையத்தான் வகுத்துக்கிட்டு இருக்காங்க. சோழிங்கநல்லூர் வழியாப் போற ஓ.எம்.ஆர், அதாவது பழைய மகாபலிபுரம் ரோட்டுப் பக்கம் 2011ல எப்படி இருந்துச்சு, இப்போ எப்படி இருக்குன்னு நெனச்சுப் பாருங்க, எத்தன ஆயிரம் பிள்ளைக புதுசா வந்துருக்குக, கேஸ்ல அவுக வர்றாக, வகுக்குற எண்ணுல வரல. தி.நகர் ரங்கநாதன் தெருவுல தீபாவளிக்கு வர்ற கூட்டத்துல பர்ஸ் போனா கேஸ் அந்த ஏரியா கணக்குல விழும், ஆனா அந்தக் கூட்டத்துல யாரும் அங்க குடியிருக்குறதில்ல. அதனால "இந்த ஏரியா மோசம், அந்த ஏரியா நல்லது"ன்னு கலர் அடிச்ச மேப் ஒன்னு போன்ல வந்துச்சுன்னா அத வச்சு வீடு பாக்காதீங்க.

சின்ன ஊருக்கு இதுவே வேற மாதிரி கோளாறு பண்ணும். காரைக்குடி 2011ல ஒரு லட்சத்து ஆறாயிரம் சொச்சம் பேரு. ஒரு வருஷம் ஒரு கொலை, மறுவருஷம் ரெண்டுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம், "கொலை 100 சதவீதம் உயர்வு"ன்னு தலைப்பு போட்டுறலாம், கணக்கும் சரியாத்தான் இருக்கும், ஆனா ஊருல ஒன்னும் மாறிருக்காது. அஞ்சு வருஷத்தச் சேத்து சராசரி எடுக்காம சின்ன ஊரு எண்ணப் பத்திப் பேசவே கூடாது.

எந்த எண்ண நம்பலாம்

ஒரு குற்றத்தப் பத்திப் புகார் குடுக்க எவ்வளவு காரணம் இருக்கோ, அந்த அளவுக்கு அந்த எண்ண நம்பலாம், இத அளவுகோலா வச்சுக்கோங்க. கொலைய மறைக்கறது கஷ்டம், அதனால ஊருக்கு ஊரு ஒப்பிட அதுதான் இருக்குறதுல நல்ல எண். வண்டித் திருட்டும் ஓரளவு நம்பலாம், ஏன்னா எஃப்.ஐ.ஆர் இல்லாம இன்சூரன்ஸ் காசு வராது, எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போவாங்க. போன் திருட்டு, பறிப்பு, பஸ்ல உரசுறது, பின்னாடி வர்றது, இதெல்லாம் நெறையவே எங்கயும் ஏறாது.

எனக்கே நடந்துச்சு. சில வருஷம் முன்னாடி சென்னைல சாயங்காலம் கூட்டமான பஸ்ல ஹேண்ட்பேக் ஜிப்ப யாரோ தெறந்து போன எடுத்துட்டாங்க. ஜிப் அறுபடல, அழகா தெறந்துருந்துச்சு, உள்ள இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்ட எடுத்து மேல வச்சுட்டு அடியில இருந்த போன எடுத்துருக்காங்க. ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒன்ற மணி நேரம் உக்கார வச்சுட்டு "திருட்டுன்னு எழுதாதீங்கம்மா, தொலஞ்சுருச்சுன்னு எழுதிக்குடுங்க, சிம் வாங்க அது போதும்"னாங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு, எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் அது எனக்கு உறுத்துது, ஏன்னா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்குற நானே ஒரு திருட்டக் கணக்குல இருந்து எடுத்துட்டேன். அந்த வருஷ அறிக்கைல என் போன் கிடையாது.

அதனால தெரிஞ்சு வச்சுக்கோங்க, சி.எஸ்.ஆர்ங்குறது புகார் வாங்குனதுக்கு ரசீது, எஃப்.ஐ.ஆர் ஆகாது, குற்றக் கணக்குல ஏறுறது எஃப்.ஐ.ஆர்தான். போலீஸ் நேரா விசாரிக்கக்கூடிய குற்றம்னு புகார்ல தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர் கண்டிப்பாப் போடணும்னு சுப்ரீம் கோர்ட் 2013லயே லலிதா குமாரி வழக்குல சொல்லிருச்சு. 2024 ஜூலை 1ல வந்த புதுக் குற்றவியல் சட்டங்கள்படி எந்த ஸ்டேஷன்ல வேணாலும் புகார் குடுக்கலாம், எங்க எல்லை இல்லன்னு திருப்பி அனுப்ப முடியாது, எஃப்.ஐ.ஆர் நகலும் இலவசம். பிள்ளைக்கு இத வாயால சொல்லாம எழுதிக் குடுத்து அனுப்புங்க, ஸ்டேஷன்ல நிக்கறப்ப எல்லாம் மறந்துரும்.

அதே நாள்ல பழைய ஐ.பி.சிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல செயின் பறிப்பு மாதிரியான பறிப்புக்கு 304ன்னு தனிப் பிரிவு வந்துருக்கு, முன்னாடி அது திருட்டுலயோ வழிப்பறிலயோ கலந்து கெடக்கும். 5,000 ரூபாய்க்குக் கீழ போன திருட்டு இப்போ போலீஸ் நேரா கேஸ் போடுற குற்றத்துல வராது. அதனால 2024க்கு முன்னாடி எண்ணையும் அதுக்கப்புறம் வர்ற எண்ணையும் பக்கத்துல வச்சு "கூடிருச்சு, கொறஞ்சுருச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பெட்டியே மாறிருச்சு.

பொம்பளப் பிள்ளைக விஷயத்துல எண்ணப் படிக்கிறது இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். அந்த 19 ஊருல பெண்களுக்கு எதிரான குற்ற ரேட்டுல சென்னையும் கோயம்புத்தூரும் அடிமட்டத்துலதான் இருக்கு. அது நல்ல சேதிதான், ஆனா முழுச் சேதி கிடையாது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல அடியோ பாலியல் கொடுமையோ பட்ட பொம்பளைகள்ல உதவி தேடிப் போனவங்க நூத்துக்குப் பதினாலு பேர்தான். எழுபத்தேழு பேர் யாருகிட்டயும் வாயே தெறக்கல, அம்மாகிட்டகூட. டெல்லில 2012 டிசம்பர்ல பஸ்ல நடந்த கொடுமைக்கு அப்புறம் மறுவருஷம் அங்க பதிவான பாலியல் வன்கொடுமை கேஸ் ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு, சட்டமும் விரிஞ்சுச்சு, பொண்ணுங்களும் வெளிய வந்து சொன்னாங்க. எண் கூடுனது அங்க நல்லதுக்கு. கம்மியா இருக்குற எண்ணுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, எது எந்த ஊருக்குன்னு எண்ண மட்டும் பாத்துச் சொல்ல முடியாது.

அப்புறம் இத எந்த அம்மா அப்பாகிட்ட சொன்னாலும் முகம் மாறிரும், ஆனா சொல்லித்தான் ஆகணும். பாலியல் வன்கொடுமை கேஸ்கள்ல 95 சதவீதத்துக்கு மேல செஞ்சவன் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சவன், சொந்தம், பக்கத்து வீடு, கூட வேல பாக்குறவன், கல்யாணம் பண்ணிக்கிறேன்னவன். 2022ல பெண்களுக்கு எதிரா பதிவான 4,45,256 கேஸ்ல மூணுல ஒரு பங்குக்குக் கிட்ட புருஷனும் புருஷன் வீட்டாளுகளும் பண்ண கொடுமை. நாம இருட்டுத் தெருவுல நிக்குற முகந்தெரியாதவனுக்கே பயந்துக்கிட்டு இருக்கோம். பிள்ளைக்குத் தெருவப் பத்திச் சொல்ற நேரத்துல பாதிய "தெரிஞ்சவங்க யாரு தப்பா நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு, உன்னயத் திட்டமாட்டோம், வேலைய விட்டுட்டு வான்னு சொல்லமாட்டோம்"ங்குறதுக்கு ஒதுக்குங்க. அந்தக் கடைசி வார்த்தை ரொம்ப முக்கியம். என்கிட்ட படிச்ச பிள்ளைக நெறையப் பேரு வீட்டுல சொல்லாததுக்குக் காரணமே, சொன்னா ஊருக்குக் கூட்டிட்டு வந்துருவாகங்குற பயம்தான்.

"பாதுகாப்பான நகரம்" லிஸ்ட் வந்தா

உலகத்துலயே பாதுகாப்பான நகரங்கள்ல நம்ம ஊருக்கு இத்தனாவது எடம்னு அடிக்கடி ஒன்னு ஓடும். பெரும்பாலும் அது நம்பியோங்குற வெப்சைட்டோட பட்டியலா இருக்கும். அந்த சைட்டுக்கு வர்றவங்ககிட்ட "ராத்திரி தனியா நடக்க பயமா இருக்கா"ங்குற மாதிரி கேட்டு அந்தப் பதில வச்சுப் போடுறது, போலீஸ் கணக்கு கிடையாது. அது உணர்வோட அளவு, அதுவும் இன்டர்நெட்ல அந்த சைட்டுக்குப் போறவங்களோட உணர்வு. பாக்கலாம், ஆனா அத வச்சு முடிவெடுக்கக் கூடாது.

உங்க பயத்தக் கேளுங்க, ஆனா எங்க இருந்து வருதுன்னு பாருங்க

பயம் முட்டாள்தனம்னு நான் சொல்லவே மாட்டேன். தெரு இருட்டா இருக்கா, ஆளு நடமாட்டம் இருக்கா, எதிர்ல நிக்குறவன் பார்வை சரியில்லையா, இதெல்லாம் எந்த அறிக்கைலயும் வராது, நம்ம உடம்புக்குத்தான் தெரியும். நேர்ல நின்னு வர்ற பயத்த நம்புங்க. டிவிலயும் போன்லயும் பாத்து வர்ற பயத்த ஒரு நாள் கழிச்சு யோசிங்க. 2016 ஜூன் 24ந் தேதி நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன்ல விடிஞ்ச நேரத்துல, ஆளுக நிக்கறப்பவே ஒரு பொண்ண வெட்டிக் கொன்னாங்க. நாடே பாத்துச்சு, எங்க ஊருல அந்த வாரமே ரெண்டு பேரு மகள வேலைய விட்டுட்டு வரச் சொன்னாக. எனக்கும் பல நாள் தூக்கமில்ல. ஆனா அதுல இருந்து எடுத்துக்க வேண்டியது "சென்னை ரயில்ல போகாத"ங்குறது இல்ல, அப்போ அந்த ஸ்டேஷன்ல கேமராவே இல்ல, அது ஒன்னு, ஒருத்தன் விடாம பின்னாடி வந்தா மொத நாளே வெளிய சொல்லணும், அது இன்னொன்னு.

பெரிய எண்ணையும் ஒரு தடவ பக்கத்துல வச்சுப் பாருங்க. 2022ல நாடு முழுக்க கொலை கேஸ் 28,522. அதுல காசு பணத்துக்காக நடந்தது 1,884, நூத்துக்கு ஏழுகூட வரல, தகராறும் பழைய பகையும்தான் கிட்டத்தட்ட பாதி. அதே வருஷம் ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேரு, கொலையப் போல கிட்டத்தட்ட ஆறு மடங்கு. தமிழ்நாட்டுல மட்டும் 17,884 பேரு, இங்க கொலை சுமார் 1,700, பத்து மடங்கு வித்தியாசம். ரோட்டுல சாகுறதுக்கு யாரும் வீடியோ சுத்தவிடுறதில்ல. ஆச்சிகிட்ட இதச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப அந்த ரோட்டத்தான் பாக்கணும்"னாக. அன்னைக்கே டிக்கெட் போட்டோம்.

நேர்ல போய் நடக்குறது

நானும் பேத்தியும் பேத்தியோட அம்மாவும் விடியக்காலப் பல்லவன் ரயில்ல கெளம்புனோம். ஹாஸ்டல பகல்ல போய்ப் பாத்துட்டுத் திரும்புறது வீண், பகல்ல எல்லாத் தெருவும் நல்ல தெருதான். பிள்ளை எந்த நேரத்துல நடக்கப்போகுதோ அந்த நேரத்துல, எந்த ஸ்டாப்ல இறங்கப்போகுதோ அங்க இறங்கி நடங்க, முடிஞ்சா வேல நாள்ல ஒரு தடவ, ஞாயித்துக்கிழமை ஒரு தடவ. 2013ல ஆரம்பிச்ச சேஃப்டிபின்னு ஒரு ஆப் தெருக்கள அளக்க ஒன்பது விஷயம் பாக்குது, வெளிச்சம், தெறந்த வெளியா இருக்கா, நம்மள யாராச்சும் பாக்க முடியுமா, ஆளுக இருக்காங்களா, போலீஸோ வாட்ச்மேனோ இருக்காங்களா, நடைபாதை, பஸ் கிட்டத்துல இருக்கா, பொம்பளைக நடமாடுறாங்களா, கடைசியா மனசுக்கு எப்படி இருக்கு. அத ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போனேன்.

ஸ்டாப்புல இருந்து ஹாஸ்டலுக்கு ரெண்டு வழி. கூகுள் மேப் காட்டுனது குறுக்குச் சந்து, நாலு நிமிஷம். அதுல ஏழு லைட் கம்பம், மூணு எரியல, ஒரு பக்கம் முழுக்க காம்பவுண்டு சுவரு, சன்னல் ஒன்னுகூட தெருவப் பாக்கல. இன்னொன்னு சுத்து வழி, ஒன்பது நிமிஷம், ஆனா மொதல்ல ஒரு டீக்கடை, அடுத்து மருந்துக்கடை, அதத் தாண்டி ஒரு இஸ்திரி வண்டி, மூலைல பூ விக்குற அம்மா. நாங்க நடக்கறப்ப மணி எட்டே முக்கால், இஸ்திரிக்காரரு இன்னும் கரிய ஊதிக்கிட்டுத்தான் இருந்தாரு. பூக்காரம்மாகிட்ட நின்னு ரெண்டு முழம் வாங்கி, "எத்தன மணி வரைக்கும் இருப்பீங்கம்மா"ன்னு கேட்டேன். "ஒன்பதரை, மழன்னா சீக்கிரம்"னாங்க. அப்புறம் அவங்களே, "புதுசா வர்ற பிள்ளையா? அந்தச் சந்துல வேணாம், இங்கிட்டே வரச் சொல்லுங்க"ன்னாங்க. இந்தத் தகவல எந்த டேபிள்ல தேடுறது. ஒன்பதரைக்கு மேல ஆனா ஆட்டோன்னு அங்கயே முடிவு பண்ணோம், வாரத்துக்கு ரெண்டு நாள்னு வச்சு அந்தக் காசையும் மாசச் செலவுல எழுதியாச்சு.

அங்க கேக்க வேண்டிய ஆளு யாருன்னா, ஹாஸ்டல் நடத்துறவங்க கிடையாது, அங்க ஏற்கனவே ஒரு வருஷம் தங்குன பிள்ளை. "சேஃபா"ன்னு கேக்காதீங்க, "ஆமா ஆண்ட்டி"ன்னு சொல்லிருவாங்க. "நீ எத்தன மணிக்கு மேல இந்தப் பக்கம் நடக்கமாட்ட, கடைசியா எப்ப பயந்த"ன்னு கேளுங்க. அப்பத்தான் வாயில இருந்து வரும்.

ஹாஸ்டல்ல லைசென்ஸக் காட்டச் சொல்லுங்க. தமிழ்நாட்டுல பெண்கள் விடுதிகளுக்குன்னு 2014ல தனிச் சட்டமே இருக்கு, கலெக்டர்கிட்ட உரிமம் வாங்கித்தான் நடத்தணும். கேட்டா கோவிச்சுக்குவாகளோன்னு கூச்சப்படாதீங்க, மாசம் வாடகை குடுக்குறோம்ல. நாங்க மொத பாத்த எடத்துல "அப்ளை பண்ணிருக்கோம், வந்துரும்"னாங்க, கும்பிட்டு வந்துட்டோம். ரூம் கதவுக்கு உள்தாப்பாள் இருக்கான்னு நானே போட்டுப் பாத்தேன், பாத்ரூம் சன்னலையும் பாத்தேன். ஆச்சி வீட்டுப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு.

ரோடு கடக்குற எடத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்க. ஓ.எம்.ஆர் மாதிரி ரோட்டுல சிக்னல் எங்க இருக்கு, நடந்து கடக்க பாலம் இருக்கா, இருந்தா அதுல லைட் எரியுதான்னு ஏறிப் பாருங்க. டூவீலர்ல பின்னாடி உக்காந்து போனாலும் ஹெல்மெட் வேணும், நாங்க பேத்திக்குன்னு ஒன்னு வாங்கிக் குடுத்துட்டோம், ஃப்ரெண்டு வண்டில போனாலும் அத எடுத்துட்டுப் போகணும்னு பேச்சு. ஊருல இருந்து ராத்திரி பஸ்ல திரும்பி வந்தா இப்போ கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட்ல இறக்கி விடுறாங்க, விடியாத நேரமா இருந்தா அங்கயே வெளிச்சத்துல உக்காந்து, விடிஞ்சப்புறம் கெளம்பச் சொல்லுங்க, ரெண்டு மணி நேரத்துல ஒன்னும் குடிமுழுகிராது.

போன்ல 112, பெண்களுக்கு 181, ஆன்லைன்ல காசு போனா 1930, இந்த மூணையும் பேர் போட்டு சேவ் பண்ணி வைங்க, தமிழ்நாடு போலீஸோட காவல் உதவி ஆப்பையும் போட்டு ஒரு தடவ தெறந்து பழகிக்கச் சொல்லுங்க. போன் திருடு போனா புகார் நகல வச்சு மத்திய அரசோட சி.இ.ஐ.ஆர் போர்டல்ல போட்டு போனையே முடக்கலாம், அதுக்கு ஐ.எம்.இ.ஐ நம்பர், அதாவது போனோட அடையாள எண் வேணும், இப்பவே *#06# அடிச்சு வர்ற நம்பர வீட்டு நோட்டுல எழுதி வைங்க. தாலியோ செயினோ தடிமனா போட்டுக்கிட்டுப் போகாதன்னு சொல்றது பழைய புத்திமதிதான், ஆனா எட்டரை மணிக்கு நடக்குற பிள்ளைக்கு அது சரியான புத்திமதி.

லைவ் லொகேஷன் விஷயத்துல ஒன்னு சொல்லணும். இருபத்து நாலு மணி நேரமும் பிள்ளை எங்கருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்காதீங்க, அது ஒரு மாசத்துல ஆஃப் பண்ணிரும், அப்புறம் தேவைப்படுறப்ப இருக்காது. லேட்டாகுற அன்னைக்கு மட்டும் அதுவே போட்டு விடட்டும்.

ஊருக்கும் இதே கணக்கு

திரும்பி வந்து ஆச்சிகிட்ட எல்லாம் சொன்னேன். பூக்காரம்மா பேரக் கேட்டாக, அது எனக்குத் தெரியல, அடுத்த தடவ கேட்டுட்டு வரச் சொன்னாக. அப்புறம் நான் அதே தாளத் திருப்பி, பின்பக்கம் ஆச்சி பேர எழுதுனேன். யாரு: 74 வயசு, தனியா. எங்க: பதினோரு கதவு வீடு. எத்தன மணிக்கு: எப்பவும். பயம் என்ன? "எனக்கு ஒன்னும் இல்லத்தா, எல்லாரும் தெரிஞ்சவுகதானே"ன்னாக. தெரிஞ்சவுகங்குறது பாதுகாப்பும்தான், ஆனா எந்த வீட்டுல யாரு தனியா இருக்காக, எந்த வீடு வருஷத்துல பத்து மாசம் பூட்டிக் கெடக்கு, எங்க பர்மாத் தேக்குத் தூணும் வெண்கலப் பாத்திரமும் இருக்குன்னு தெரிஞ்சு வச்சுருக்கறதும் அதே ஆளுகதான். பக்கத்துல வரிசையா நாலு வீடு பூட்டு, பங்காளிக எல்லாம் வெளியூர்ல. ராத்திரி ஆச்சி சத்தம் போட்டா கேக்குற தூரத்துல எங்க வீடு ஒன்னுதான். சோழிங்கநல்லூர் சந்துல சன்னல் இல்லாத சுவருன்னு குறிச்சுட்டு வந்தேனே, அதேதான் இங்கயும், சன்னல் இருக்கு, ஆனா தெறக்க ஆளில்ல.

அத விட, ஆச்சிக்கு உண்மையா வரக்கூடிய ஆபத்து கதவு வழியா வராது. பேங்க்ல இருந்து பேசுறோம், போலீஸ்ல இருந்து பேசுறோம், வீடியோ கால்லயே உங்கள அரெஸ்ட் பண்ணிருக்கோம்னு மிரட்டுறானுக, 2022ல நாட்டுல 65,893 சைபர் குற்றக் கேஸ், 2023ல 86,420. எந்தப் போலீஸும் வீடியோ கால்ல அரெஸ்ட் பண்றது கிடையாது, சட்டத்துல அப்படி ஒன்னே இல்ல. இத ஆச்சிக்கு மூணு நாள் சொல்லி, நானே மகன் மாதிரி போன் பண்ணி "ஓடிபி சொல்லுங்க"ன்னு கேட்டுச் சோதிச்சேன், நாலாவது நாள் "வைத்தா போன"ன்னு வச்சுட்டாக, அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதி.

இப்போ ஆச்சி ராத்திரி கதவெல்லாம் அடைச்சு முகப்புக்கு வந்ததும் எங்க வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்குறாக. பேத்தி ஒன்பதே காலுக்கு ரூமுக்கு வந்து ஆச்சிக்கு ஒன்னு குடுக்குது. ஆச்சி கோயம்புத்தூருக்குப் போற அன்னைக்கு நான் ஸ்டேஷனுக்குப் போய் பூட்டுன வீடுன்னு எழுதிக் குடுத்துட்டு வர்றேன், ரோந்து வர்றவங்க பாத்துக்குவாங்க, நீங்களும் வீட்டப் பூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அதச் செஞ்சுட்டுப் போங்க.